‘எல்லா மாடலுக்கும் பொருந்தும்’ என்று அச்சிடுவோருக்கு

பழைய கார்களுக்கு மாற்று உதிரிபாகங்கள் தயாரிக்கும், பெட்டியில் போட்டு விற்கும் நிறுவனத்தார் கவனத்துக்கு:

முன்பெல்லாம் உங்கள் பெட்டியைத் திறந்தால் உள்ளே நான்காக மடித்த ஒரு தாள் இருக்கும். மங்கலான அச்சு, கோட்டுப் படம். ஆனாலும் அதில் மரை அளவு இருந்தது, ரப்பர் எந்த வகை என்று இருந்தது, எந்த நட்டை எவ்வளவு டார்க்கில் முறுக்க வேண்டும் என்று இருந்தது. இப்போது தாள் இல்லை. பெட்டியின் ஓரத்தில் ஒரு க்யூஆர் குறி. போனில் காட்டினால் ஒரு பக்கம் திறக்கிறது. பாகத்தின் படம், அதன் கீழே ‘படம் மாதிரிக்கு மட்டுமே’, அதற்கும் கீழே ‘எல்லா மாடலுக்கும் பொருந்தும்’. என்ன அளவு, என்ன பொருள், எப்போது செய்தது? மூன்றுக்கும் பதில் இல்லை. தாளை நிறுத்தியது உங்களுக்குச் சின்ன முடிவாக இருந்திருக்கலாம். அது எங்கள் கையில் என்னவாக வந்து சேர்கிறது என்று சொல்லத்தான் இந்த மடல்.

புதிய கார் ஒன்றுக்கு ‘இந்த மாடல், இந்த ஆண்டு’ என்பது போதுமான அடையாளம். நாற்பது ஐம்பது வருடம் ஓடி, பத்து வருடம் ஷெட்டில் கிடந்து, நான்கைந்து கை மாறி வந்த வண்டிக்கு அது அடையாளமே இல்லை. எஞ்சின் பிந்தைய மாடலுடையதாக இருக்கும். பின் ஆக்சில் வேறொரு வண்டியிலிருந்து வந்திருக்கும். முன் பிரேக்கை யாரோ டிஸ்க்காக மாற்றியிருப்பார்கள். ஸ்பார்க் பிளக்குகளுக்குக் கரண்டைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டர் எங்கிருந்து வந்தது என்று கடவுளுக்கே வெளிச்சம். பதிவுப் புத்தகத்தில் உள்ள ஆண்டு பாடிக்கு மட்டும்தான் சொந்தம். ‘பழைய பாகத்தைக் கழற்றிக் கொண்டுபோய் ஒப்பிட்டு வாங்கு’ என்பார்கள். கழற்றிய பாகம் சரியான பாகம்தான் என்று யார் சொன்னது? அதையும் முன்பு ஒருவர் ‘பொருந்தும்’ என்ற சொல்லை நம்பித்தான் மாட்டியிருக்கிறார். இப்படிப்பட்ட வண்டியில் நம்பக்கூடியது எண்கள் மட்டும்தான். வெர்னியர் அளவுகோலில் அளந்த எண் ஒன்று, பெட்டியில் அச்சான எண் இன்னொன்று. இரண்டாவதை நீங்கள் எடுத்துவிட்டீர்கள்.

பிரேக்கிலிருந்து தொடங்குகிறோம். மற்ற பாகம் தவறினால் வண்டி நின்றுவிடும். இது தவறினால் வண்டி நிற்காது.

பிரேக் பைப் நட்டில் பரவலாகப் புழங்கும் மரைகள் இரண்டு. ஒன்று அங்குல வகை, 3/8 யு.என்.எஃப்.: விட்டம் 9.53 மி.மீ., அங்குலத்துக்கு 24 புரி. மற்றது மெட்ரிக், எம்10: புரிக்குப் புரி 1 மி.மீ. அங்குல வகையில் அந்த இடைவெளி 1.06 மி.மீ. கண்ணால் பார்த்துப் பிரிக்க முடியாது. அரை மில்லிமீட்டர் ஒல்லியான அங்குல நட்டு மெட்ரிக் துளைக்குள் கையாலேயே சுலபமாக ஏறும். ஸ்பேனர் போட்டால் இறுகியது போலவும் இருக்கும். ஆனால் பிடித்துக்கொண்டிருப்பது மரையின் நுனிகள் மட்டும். பிரேக் லைனிலிருந்து காற்று எடுக்கும்போது கசியாது, தெருவில் ஒரு சுற்று ஓட்டிப் பார்க்கும்போதும் கசியாது. அவசரத்தில் ஓங்கி மிதிக்கும் நாளில் மரையைச் சீவிக்கொண்டு வெளியே வரும். உங்கள் ஹோஸ் பெட்டியிலோ, சக்கரத்தில் பிரேக் ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டரின் பெட்டியிலோ இந்த இரண்டில் எது உள்ளே இருக்கிறது என்று ஓர் எழுத்து கிடையாது. ஒரே பார்ட் நம்பரில் ஒரு தடவை அங்குல மரையும் அடுத்த தடவை மெட்ரிக் மரையும் வருவதையும் பார்க்கிறோம்.

பைப் முனையிலும் இதே கதை. பழைய அங்குல வகைகளில் பெரும்பாலும் 45 பாகையில் இரட்டையாக மடித்த முனை, பிற்கால மெட்ரிக் வகைகளில் பெரும்பாலும் குமிழ் போன்ற முனை. ஒன்றுக்குச் செய்த இருக்கையில் மற்றது உட்காராது. கசிகிறதே என்று மேலும் மேலும் இறுக்குவார்கள். இருக்கை நசுங்கும். அதன்பின் சரியான முனையைக் கொண்டுவந்தாலும் அங்கே அடைக்காது, புது சிலிண்டரே குப்பைக்குப் போகும். ‘இருக்கை: இரட்டை மடிப்பு’ என்ற மூன்று சொல் இவ்வளவையும் தடுத்திருக்கும்.

வீல் சிலிண்டரின் உள்விட்டத்துக்கு வருவோம். 3/4 அங்குலம் என்றால் 19.05 மி.மீ.; 13/16 அங்குலம் என்றால் 20.64. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே வார்ப்பு, ஒரே போல்ட் துளை. ஆனால் விசை பரப்பைப் பொறுத்தது. பெரியது அதே அழுத்தத்தில் ஷூவை ஏறக்குறைய 17 சதவீதம் கூடுதலாகத் தள்ளும். ஒரு பக்கம் மட்டும் மாறிப்போனால் வண்டி பக்கவாட்டில் இழுக்கும். பின்னால் இரண்டு பக்கமும் பெரியதாகிவிட்டால் ஈரச் சாலையில் பின்சக்கரம் முதலில் பூட்டிக்கொள்ளும், வால் முன்னால் வரப் பார்க்கும். ஓட்டுகிறவர் ஷூவைத் தேய்ப்பார், டிரம்மைக் கடைவார், ஸ்டியரிங்கைச் சந்தேகப்படுவார். சிலிண்டரைச் சந்தேகப்பட மாட்டார், புதுசு ஆயிற்றே!

சீல் கிட்டில் உள்ள ரப்பர் எது? கிளைக்கால் என்ற வேதிப்பொருளில் செய்த பிரேக் எண்ணெய்க்கு, அதாவது டாட் 3, டாட் 4, டாட் 5.1க்கு, ஈ.பி.டி.எம். ரப்பர் சரி. அதே ரப்பர் மினரல் எண்ணெய் பட்டால் ஊதிப்போகும். மினரல் எண்ணெயில் ஓடும் பிரேக்கும் சில பழைய வண்டிகளில் உண்டு. அங்கே நைட்ரைல் ரப்பர் வேண்டும். நைட்ரைலைக் கிளைக்கால் எண்ணெயில் போட்டாலும் கெட்டுப்போகும். இரண்டும் கறுப்பு, இரண்டும் ஒரே வடிவம். போதாததற்கு, சில கிட்டுகளில் பெயரில்லாத ஒரு சிறு கிரீஸ் பாக்கெட்டையும் போடுகிறீர்கள். அது பிரேக் ரப்பருக்கான சிவப்பு கிரீஸா, பேரிங்குக்குப் போடும் சாதாரண கிரீஸா? சாதாரண கிரீஸ் என்றால், நீங்கள் கொடுத்த சீலை நீங்கள் கொடுத்த கிரீஸே ஊதவைக்கும். எங்களில் விவரம் தெரிந்தவர்கள் அந்தப் பாக்கெட்டைப் பிரிக்காமலே தூக்கிப்போட்டுவிட்டு, புதுப் பிரேக் எண்ணெயில் நனைத்து மாட்டுகிறார்கள். எல்லோருக்கும் இது தெரியும் என்று எதிர்பார்க்க முடியுமா?

டிஸ்க் மாற்றும் கிட் விற்கிறவர்களுக்குத் தனியாக ஒன்று. பெடலை மிதிக்கும்போது எண்ணெயைத் தள்ளும் டிரம் பிரேக் மாஸ்டர் சிலிண்டர்கள் பலவற்றில், லைனில் சுமார் 10 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு 10 பவுண்டு) அழுத்தத்தை எப்போதும் தேக்கிவைக்கும் வால்வு உள்ளே ஒளிந்திருக்கும். டிரம்முக்கு அது தேவை. டிஸ்க்குக்கு மாற்றியபின் அது இருந்தால் பேட் எப்போதும் லேசாக உரசிக்கொண்டே இருக்கும், பத்து கிலோமீட்டரில் டிஸ்க் தொட முடியாத சூடாகும். அந்த வால்வை எடுக்க வேண்டும், அல்லது மாஸ்டர் சிலிண்டரையே மாற்ற வேண்டும். மாஸ்டர் சிலிண்டர் தரைக்குக் கீழே, பேட்டை அழுத்தும் காலிப்பரை விடத் தாழ்வாக இருக்கும் வண்டியில் எண்ணெய் பின்வாங்காமலிருக்க 2 பி.எஸ்.ஐ. வால்வு ஒன்று வேண்டும். உங்கள் கிட்டில் காலிப்பர் இருக்கிறது, பிராக்கெட் இருக்கிறது, பளபளக்கும் ஸ்டிக்கர்கூட இருக்கிறது. இந்த மூன்று வரிகள் இல்லை.

பெட்ரோலைப் பற்றவைக்கும் இக்னிஷன் பாகங்களில் நாங்கள் இழப்பது நேரம், வாரக் கணக்கில். பாயிண்டில் பொறி பறக்காமல் காக்கும் கண்டென்சரை எடுத்துக்கொள்ளுங்கள். உயர் மின்னழுத்தம் தரும் காயிலின் கரண்டைத் திறந்து மூடும் பிளாட்டினம் பாயிண்ட் உள்ள பெரும்பாலான டிஸ்ட்ரிபியூட்டர்களுக்கு 0.18 முதல் 0.25 மைக்ரோஃபாரட் வரை வேண்டும். அளவு தப்பினால் பாயிண்டின் ஒரு முகத்திலிருந்து உலோகம் பெயர்ந்து எதிர் முகத்தில் மேடு கட்டும். அதன்பின் ஃபீலர் கேஜில் வைக்கும் 0.4 மி.மீ. இடைவெளிக்கு அர்த்தமே இல்லை, கேஜ் மேட்டில்தான் உட்காரும். இதைக்கூடக் கண்ணால் கண்டுபிடித்துவிடலாம். மோசமானது, குளிரில் சரியாக இருந்து சூட்டில் மட்டும் செத்துப்போகும் கண்டென்சர். காலையில் முதல் சுற்றிலேயே ஸ்டார்ட் ஆகும், இருபது நிமிடம் ஓடும், அப்புறம் திணறி நிற்கும். அரை மணி ஆறினால் மறுபடி ஓடும். அறிகுறி அச்சு அசலாகப் பெட்ரோல் வராததுபோல இருக்கும். எனவே கார்புரேட்டரைப் பிரிப்பார்கள், பம்பை மாற்றுவார்கள், டேங்கைக் கழுவுவார்கள். கார்புரேட்டர் கோளாறு என்று வருவதில் பாதி கரண்ட் கோளாறு என்று பழைய கைகள் சொல்வது சும்மா இல்லை. செய்யும் இடத்தில் கண்டென்சரைச் சூடாக்கி ஒரு தடவை அளந்துவிட்டு அனுப்புங்கள். நாங்கள் இப்போது அதைத்தான் ஹேர் டிரையரும் மீட்டரும் வைத்துச் செய்துகொண்டிருக்கிறோம்.

டிஸ்ட்ரிபியூட்டருக்குள் சுழலும் ரோட்டாரில் பித்தளைத் தகட்டைப் பிளாஸ்டிக்கோடு ரிவெட் அடித்து இணைக்கிறீர்கள். ரிவெட்டின் அடிப்பக்கத்துக்கும் உள்ளே நிற்கும் இரும்புத் தண்டுக்கும் நடுவே மெல்லிய பிளாஸ்டிக் படலம்தான் மிச்சம். பல்லாயிரம் வோல்ட் அதைத் துளைத்துக்கொண்டு தண்டு வழியாக எர்த் ஆகிவிடும். பிளாஸ்டிக்கில் கார்பன் அதிகமாகக் கலந்திருந்தால் துளைக்கவும் வேண்டாம், அதுவே கடத்தும். சோதிப்பது எளிது. ரோட்டாரைத் தண்டில் மாட்டியபடியே வைத்து, டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றி, காயிலிலிருந்து வரும் நடு ஒயரை இன்சுலேட்டட் பிளையரால் பித்தளைக்கு 3 மி.மீ. மேலே பிடித்து, இன்னொருவரை எஞ்சினைச் சுற்றச் சொல்ல வேண்டும். பொறி விடாமல் பாய்ந்தால் ரோட்டார் ஓட்டை. நல்ல ரோட்டாருக்குப் பாய வேண்டிய காரணமே கிடையாது. ரிவெட் இல்லாமல் வார்த்த ரோட்டார்கள் சந்தையில் இருக்கின்றன, ஆண்டுக்கணக்கில் ஓடுகின்றன. ஆகவே செய்ய முடியாது என்று சொல்லாதீர்கள்.

காயிலுக்கு ஒரே ஒரு எண் போதும். நேரடி 12 வோல்ட் காயில் என்றால் சுமார் 3 ஓம். கரண்டைக் குறைக்கும் பாலஸ்ட் ரெசிஸ்டருடன் ஓட வேண்டியது என்றால் சுமார் 1.5 ஓம். பாலஸ்ட் இல்லாத வண்டியில் 1.5 ஓம் காயிலை மாட்டினால் பாயிண்ட் வழியாக 4 ஆம்பியருக்குப் பதில் 8 ஆம்பியர் ஓடும். காயில் கொதிக்கும், பாயிண்ட் கருகும். ‘12 வோல்ட்’ என்று கொட்டை எழுத்தில் போடத் தெரிந்த உங்களுக்கு அடுத்த எண்ணைப் போடத் தெரியாதா? எலெக்ட்ரானிக் இக்னிஷன் கிட்டுக்கும் இதே கேள்வி. பிரிட்டனில் 1960களின் நடுப்பகுதி வரை வந்த பல வண்டிகளில் பேட்டரியின் பாசிட்டிவ்தான் எர்த், அதாவது பாடியோடு இணைத்த முனை. நெகட்டிவ் எர்த்துக்குச் செய்த கிட்டை அதில் இணைத்தால் முதல் சாவித் திருப்பலிலேயே கிட் போய்விடும். எந்த எர்த்துக்கானது என்பதைப் பெட்டியின் முகப்பிலேயே போட வேண்டும்.

பெட்ரோல் ஹோஸ் பற்றிச் சுருக்கமாக. எத்தனால் கலந்த பெட்ரோல் சாதாரண நைட்ரைல் குழாயிலிருந்து அதன் மென்மையை உறிஞ்சிவிடுகிறது. வண்டி நின்று குழாய் காயும்போது உள்சுவர் சுருங்கி வெடிக்கும். ப்ராஜெக்ட் வண்டி என்றாலே மாதக்கணக்கில் நிற்கும் வண்டிதான். வெளியே புதுசு போலிருக்கும், உள்ளே கறுப்புத் துகள் உதிர்ந்து கார்புரேட்டரின் ஜெட்டை அடைக்கும், பிறகு ஒருநாள் சூடான எக்ஸாஸ்ட்டுக்கு மேலே சொட்டும். உள்சுவரில் ஃப்ளூரோ ரப்பர் பூசிய எஸ்.ஏ.இ. ஜே30 ஆர்9 வகை இதைத் தாங்கும். அந்தக் குறியை அச்சிட்டு உள்ளே சாதாரணக் குழாயை வைத்து விற்கிறவர்கள் உங்களில் இருக்கிறார்கள். இது கவனக்குறைவு இல்லை, மோசடி.

சஸ்பென்ஷன் மூட்டுகளில் வரும் புஷ்ஷில் உங்கள் தவறும் எங்கள் தவறும் கலந்திருக்கிறது. உலோகக் குழலோடு ஒட்டவைத்த ரப்பர் புஷ் சுழல்வதில்லை, முறுக்கித்தான் வேலை செய்கிறது. வண்டி ஜாக்கியில் தொங்கும்போதே போல்ட்டைக் கடைசி வரை இறுக்கிவிட்டால், சக்கரம் தரையைத் தொட்டதுமே ரப்பர் பாதி முறுக்கிலேயே நிரந்தரமாக நின்றுவிடும். சில மாதங்களில் ஓரம் கிழியும். சக்கரங்கள் தரையில் நிற்க, வண்டியின் எடை முழுதும் இறங்கியபின்தான் கடைசி இறுக்கு. இது தெரியாமல் மாட்டிவிட்டு உங்கள் புஷ்ஷைத் திட்டுகிறவர்கள் உண்டு. நீங்கள் நிறுத்திய தாளில் இது ஒரு வரியாக இருந்தது. பாலியூரித்தேன் புஷ்ஷில் விதி வேறு. அது சுழல வேண்டியது, சிலிக்கான் கிரீஸ் இல்லாவிட்டால் கிறீச்சிடும். எத்தனை ஷோர் (ரப்பரின் கடினத்துக்கான அளவு) கடினம் என்று நிறத்தை வைத்து ஊகிக்க வேண்டியிருக்கிறது. ஒரு நிறுவனத்தின் சிவப்பு இன்னொரு நிறுவனத்தின் சிவப்பு இல்லையே.

இனி எங்களை அதிகம் அழவைக்கும் பாகம், கேம்மின் அசைவை வால்வுக்குக் கொண்டுசெல்லும் டேப்பெட். பழைய எஞ்சின்களில் கேம்மின் மேட்டில் நேரடியாக உரசும் டேப்பெட்டின் அடிமுகம் பார்க்கத் தட்டையாகத் தெரியும். பெரும்பாலானவற்றில் அது தட்டை இல்லை. நடுப்பகுதி விளிம்பைவிட 0.05 மி.மீ. அளவுக்கு மேடாக இருக்கும். கேம் மேட்டிலும் ஒரு பக்கம் லேசான சாய்வு உண்டு. இரண்டும் சேர்ந்து டேப்பெட்டை அதன் துளைக்குள் மெதுவாகச் சுழலவைக்கின்றன. சுழலும்வரை தேய்மானம் எங்கும் பரவும். சுழற்சி நின்றால் ஒரே கோட்டில் உரசி, முதல் ஒரு மணி நேரத்துக்குள் கேம் மேடு மழுங்கிவிடும். அங்கே உதிர்ந்த இரும்புத் தூள் எண்ணெயோடு போய்ப் புது பேரிங்குகளில் பதியும். எஞ்சின் முழுதும் மறுபடி பிரிக்க வேண்டியதுதான்.

உங்கள் டேப்பெட்டுகளில் இரண்டை முகத்தோடு முகம் வைத்துப் பாருங்கள். மேடு இருந்தால் ஒன்றின் மேல் ஒன்று லேசாக ஆடும். ஆடாமல் ஒட்டி நின்றால் தட்டை. ஒரே பெட்டியில் உள்ள எட்டில் ஐந்து ஆடுகிறது, மூன்று ஆடுவதில்லை என்றால் நாங்கள் என்ன செய்வது? முகத்தின் கடினமும் இப்படித்தான். அரத்தை லேசாக இழுத்தால் வழுக்க வேண்டும். சிலவற்றில் கடிக்கிறது.

புகார் வந்தால் ‘எண்ணெய் சரியில்லை, ரன்னிங்-இன் (புது எஞ்சினை முதலில் ஓட்டிப் பழக்குவது) சரியில்லை’ என்று எழுதுகிறீர்கள். இருக்கலாம்தான். புதுக் கேம்மை ஐடிலில் விடக் கூடாது. ஸ்டார்ட் ஆன நொடியிலிருந்து நிமிடத்துக்கு 2000 முதல் 2500 சுற்றில் இருபது நிமிடம் ஓட வேண்டும், கிராங்க் வீசியடிக்கும் எண்ணெய்தான் கேம்மை நனைக்கிறது. புதிய கார்களுக்கான மெல்லிய எண்ணெய்களில் பாஸ்பரஸ் 0.08 சதவீதத்துக்கு மேல் போகாதபடி வரம்பு உண்டு, கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் காப்பதற்காக. இந்த டேப்பெட்டுகளுக்கு அது போதாது. துத்தநாகமும் பாஸ்பரஸும் கூடுதலாக உள்ள எண்ணெய் வேண்டும். சரி, இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. புகாருக்கு எழுதும் பதிலில் தெரிகிறது. பெட்டியில் மட்டும் ஏன் தெரியவில்லை?

பேரிங் ஷெல் பற்றி நீட்டவில்லை. மாற்றுப் பெட்டிகளில், கடைந்து ஒல்லியாக்கிய கிராங்குக்கான 0.25 மி.மீ. அண்டர்சைஸும் 0.50ம் கலந்து வருகின்றன. முதுகில் பொறித்த எண்ணைப் படித்து, நசுங்கி இடைவெளியைக் காட்டும் பிளாஸ்டிகேஜ் இழை வைத்து அளக்காமல் யாரும் மூட வேண்டாம். ரேடியேட்டர் மூடிக்கும் அதன் அழுத்தத்தை வெளியே அச்சிடுங்கள். 7 பி.எஸ்.ஐ.யில் ஓடிய வண்டிக்கு 15 பி.எஸ்.ஐ. மூடி ‘பொருந்தும்’தான். வெடிப்பது டாஷ்போர்டுக்குள் இருக்கும் ஹீட்டர் கோர்.

டிங்கரிங் வேலைக்கான தகடுகளில் குறை ஒளிவுமறைவில்லாதது, ஆனால் பட்டி போட்டு மறைத்துவிடுவதால் யாரும் பேசுவதில்லை. கதவுக்குக் கீழே ஓடும் ஒரிஜினல் ‘சில்’ தகடு 0.9 மி.மீ. என்றால் உங்களுடையது 0.7. கேட்க அற்ப வித்தியாசம். தகட்டின் விறைப்போ தடிமனின் மும்மடியைப் பொறுத்தது, எனவே பாதிக்கும் கீழே போய்விடுகிறது. பழைய 0.9 தகட்டோடு புது 0.7 தகட்டை வெல்டிங் செய்யும்போது ஒரு பக்கம் உருகுவதற்குள் மறுபக்கம் ஓட்டையாகிறது. 0.6 மி.மீ. கம்பி, குறைந்த கரண்ட், ஒரு பொட்டுக்கும் அடுத்த பொட்டுக்கும் 25 மி.மீ. இடைவெளி விட்டு ஆறவிட்டு ஆறவிட்டு வைத்தாலும்தான். கதவை மாட்டி, இடைவெளி பார்த்து, பாடிக்குள் குறுக்குக் கம்பி வைத்து வளையாமல் நிறுத்தியபின்தான் சில்லை வெட்ட வேண்டும். அத்தனையும் செய்து புதுத் தகட்டை வைத்தால் மடிப்புக் கோடு நான்கு மில்லிமீட்டர் கீழே ஓடுகிறது. அதை நாங்கள் வெட்டி ஒட்டிச் சரிசெய்துகொள்வோம். தகட்டின் மேல் உள்ள கறுப்புப் பூச்சு என்ன என்பதையாவது சொல்லுங்கள். மின்முறையில் படியவைத்த பிரைமர் என்றால் உப்புத்தாளால் கீறிவிட்டு மேலே பெயின்ட் அடிக்கலாம். சரக்கு லாரியில் ஏற்றி இறக்கும்வரை துருப்பிடிக்காமலிருக்கத் தெளித்த மலிவுப் பெயின்ட் என்றால் முழுதும் உரித்தெடுக்க வேண்டும். தின்னரில் நனைத்த துணியால் தேய்த்தால் தெரிந்துவிடும், துணி கறுத்தால் இரண்டாவது வகை. தேய்த்துப் பார்க்கத் தெரியாதவரின் வண்டியில் இரண்டு மழைக்காலத்துக்குள் கொப்புளம் கிளம்பும்.

மாடிஃபிகேஷன் பாகங்கள் செய்கிறவர்கள் தப்பித்துவிட்டதாக நினைக்க வேண்டாம். பழைய வண்டிகள் பலவற்றில் சக்கரத்தைப் பிடிக்கும் நான்கு ஸ்டட் வட்டத்தின் விட்டம் 4 அங்குலம், அதாவது 101.6 மி.மீ. உங்கள் அலாய் சக்கரம் 100. தட்டினால் ஏறும். ஒவ்வொரு ஸ்டட்டும் 0.8 மி.மீ. உள்ளே வளைந்து நிற்கும், கூம்பு நட்டு சாய்ந்து உட்காரும், டார்க் ரெஞ்ச் ‘கிளிக்’ என்று பொய் சொல்லும். நூறு கிலோமீட்டரில் நட்டு தளர்கிறது. நட்டின் இருக்கை 60 பாகைக் கூம்பா, உருண்டையா என்பதும் சக்கரத்தோடு வர வேண்டிய தகவல். தாழ்த்தும் ஸ்பிரிங்குக்கு ‘40 மி.மீ. தாழும்’ என்று மட்டும் போடுகிறீர்கள். ஸ்பிரிங் ரேட், அதாவது விறைப்பு, எங்கே? கம்பி 12 மி.மீ. இருந்த இடத்தில் 12.5 ஆனாலே விறைப்பு 17 சதவீதத்துக்கு மேல் ஏறும். எந்த ஷாக் அதைத் தாங்கும் என்று எதை வைத்து முடிவு செய்வது? சஸ்பென்ஷன் கிட்டில் பளபளப்புக்காக ஏ2-70 துருப்பிடிக்காத போல்ட் வேறு. அதன் விளைவு வலிமை, அதாவது நிரந்தரமாக நீளத் தொடங்கும் அளவு, 450 மெகாபாஸ்கல், அது இருக்க வேண்டிய இடத்தில் 8.8 தரப் போல்ட்டுக்கு 640. அழகுக்குப் போட வேண்டியது வால்வு மூடியில், கன்ட்ரோல் ஆர்மில் இல்லை.

ஹெட்லைட் ரிலே கிட் நல்ல யோசனை. 60/55 வாட் ஹெச்4 பல்பு இரண்டுக்கும் ஹை பீமில் 10 ஆம்பியர் வேண்டும். அதைப் பழைய சுவிட்ச் வழியாக இழுத்தால் வழியிலேயே ஒரு வோல்ட் தொலையும், பல்பின் வெளிச்சத்தில் கால் பங்கு அதோடு போகும். அதைச் சரிசெய்ய வாங்கிய கிட்டில் ஒயரைக் கத்தியால் சுரண்டினால் உள்ளே வெள்ளை: செம்பு முலாம் பூசிய அலுமினியம். அதே தடிமனில் செம்பைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு மின்தடை. ஒயரை நசுக்கிப் பிடித்த கிரிம்ப் நாளடைவில் தளரும், ஈரத்தில் முனை பொடியாகும். எந்தக் குறையைத் தீர்க்க வாங்கினோமோ அதே குறை, புது உறை போட்டுக்கொண்டு வருகிறது.

‘அனுபவமுள்ள மெக்கானிக் மாட்ட வேண்டும்’ என்ற வரி மட்டும் எல்லாப் பெட்டியிலும் தவறாமல் இருக்கிறது. எத்தனை அனுபவம் இருந்தாலும் கறுப்பு ரப்பரைப் பார்த்து அது என்ன ரப்பர் என்று சொல்ல ஒருவராலும் முடியாது. விற்பனை குறைவு, செலவு கட்டாது என்பீர்கள். நாங்கள் கேட்பது புது அச்சு இல்லை, புது இயந்திரம் இல்லை. வரைபடம் இல்லாமல் நீங்கள் அந்தப் பாகத்தைச் செய்திருக்க முடியாது. வரைபடத்தில் இருக்கும் எண்ணைப் பெட்டிக்குக் கொண்டுவருவதுதான் வேலை. அட்டைப் பெட்டிக்கு எப்படியும் மை செலவாகிறது.

நீங்கள் இல்லாவிட்டால் இந்த வண்டிகளில் பாதி இரும்புக் கடைக்குப் போயிருக்கும், மறுக்கவில்லை. இருப்பதிலேயே மலிவானதை வாங்கி, அளக்காமல் மாட்டி, ஏறாவிட்டால் சுத்தியல் எடுக்கிறவர்கள் எங்கள் பக்கம் நிறையப் பேர், அதையும் மறுக்கவில்லை. ஆனால் அளக்கத் தயாராக இருப்பவருக்கும் ஒப்பிட எண் வேண்டுமே.

ஆகவே கேட்கிறோம். ஒவ்வொரு பிரேக் பாகத்தின் பெட்டியிலும் உள்விட்டம், மரை, பைப் இருக்கையின் வகை, ரப்பர் வகை, எந்த எண்ணெய்க்கு உரியது என்பவற்றை அச்சிடுங்கள். காயிலுக்கு ஓம், கண்டென்சருக்கு மைக்ரோஃபாரட், மின்சாதனம் எதுவானாலும் எர்த் எது என்பது. தகட்டுக்குத் தடிமனும் பூச்சும், ஸ்பிரிங்குக்கு ரேட், புஷ்ஷுக்கு ஷோர், போல்ட்டுக்குத் தரம், ஒயருக்குச் செம்பா அலுமினியமா என்பது.

ரப்பர் உள்ள எல்லாவற்றிலும் செய்த தேதியைப் பொறியுங்கள். டயரின் பக்கவாட்டில் 2000ஆம் ஆண்டு முதல் வாரத்துக்கு இரண்டு, ஆண்டுக்கு இரண்டு என நான்கு இலக்கம் இருக்கிறது. 2319 என்றால் 2019இன் 23ஆவது வாரம். டயருக்கு முடிந்தது சீல் கிட்டுக்கும் முடியும். எட்டு வருடம் கிடங்கில் கிடந்த சீலைப் ‘புதுசு’ என்று வாங்கி மாட்டுவதை நிறுத்த வேறு வழியில்லை.

வடிவமைப்பையோ பொருளையோ மாற்றினால் பார்ட் நம்பரின் கடைசியில் ஓர் எழுத்தைக் கூட்டுங்கள். பழைய நம்பரிலேயே புதுப் பொருளை விற்காதீர்கள். ‘எல்லா மாடலுக்கும் பொருந்தும்’ என்பதை எடுத்துவிட்டு, எதற்குப் பொருந்தாது என்று எழுதுங்கள். அது எங்களுக்கு இன்னும் உதவும். குறை சொல்லித் திருப்பி அனுப்பும் பாகத்துக்கு மாற்றுப் பாகம் அனுப்பினால் மட்டும் போதாது. அளந்து பார்த்து என்ன கண்டீர்கள் என்பதையும், அதே தொகுதியில் செய்த மற்றவை எங்கே போயின என்பதையும் எழுதிக் கேட்டவருக்குத் தெரியப்படுத்துங்கள். ரிவெட் அடித்த ரோட்டார்களைக் கடைகளிலிருந்து திரும்பப் பெறுங்கள்.

மடித்த அந்தத் தாளை மறுபடி பெட்டிக்குள் வையுங்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்ற முடியாது என்றால், அடுத்து அச்சுக்குப் போகும் வீல் சிலிண்டர் பெட்டியிலிருந்து தொடங்குங்கள்: முதலில் மரை, அதன் பக்கத்தில் விட்டம்.

இப்படிக்கு,
பழைய வண்டிகளைத் தம் கையால் கழற்றி மாட்டுகிறவர்கள்